மூலமும் மூலியும் ஒரு மாவுச் சல்லடையும்

சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வரவும். விஷயம் அப்படிப்பட்டது. மூலத்தைப் பற்றி எழுதப் போகிறேன். மூல நட்சத்திரம் இல்லை. மற்றது.

இதை எழுத வேண்டும் என்று எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து, ரயில் பயணம், மாவடு ஊறுகாய், டிரான்ஸ்ஃபர் புலம்பல் என்று வேறு எதையாவது எழுதிவிட்டு எழுந்துவிடுவேன். சொந்தக்காரர்கள் படிக்கிறார்கள், ஆபீஸ்காரர்கள் படிக்கிறார்கள் என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சம்தான் என்னைப் பாதிக் கொன்றது என்பதால் இன்றைக்கு அதை மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

2015-ல் மாற்றலாகி லக்னோ வந்தபோது எனக்கு ஹிந்தி எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும். கான்பூர் போகிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தண்டவாளத்தை ஒட்டிய சுவர்களில் எழுதியிருப்பதை எல்லாம் படித்துப் பழகுவேன். பாதிச் சுவர்களில் ஒரே வார்த்தைதான். பவாசீர். பக்கத்தில் பகந்தர். ஆபரேஷன் இல்லாமல் குணம், ஒரே ஊசி, இத்யாதி. பெரியவள் அப்போது மூன்றாம் வகுப்பு. "அப்பா, பவாசீர்னா என்னப்பா?" என்றாள். "அது ஒரு ஊர் பேரும்மா" என்றேன். அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் பவாசீர் எப்போ வரும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு அது ஒரு வருஷத்தில் வந்து சேர்ந்தது :-)

2016 நவம்பர் 8 ராத்திரி எட்டு மணி. 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது. 10-ம் தேதி கிளையைத் திறந்தபோது தெருமுனை தாண்டி வரிசை. அந்த வாரம் சனி, ஞாயிறுகூட வங்கி உண்டு. எங்கள் கிளையில் கேஷ் அறைச் சாவி இரண்டு பேரிடம் இருக்கும், அதில் ஒன்று என்னிடம். காலையில் வயிறு கூப்பிடும் நேரத்துக்கு நான் ஸ்கூட்டரில் இருப்பேன். கிளைக்குள் நுழைந்தபின் நாற்காலியை விட்டு எழுந்தால் வெளியே சத்தம் கிளம்பும். இருந்த ஒரே கழிப்பறையின் தாழ்ப்பாள் வேலை செய்யாது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த நிலையில் யாருக்குத்தான் போக வரும்? அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அடக்குவேன். அரைமணி நேரத்தில் அந்த உணர்ச்சி தானாகவே அடங்கிப்போகும். அடங்கிவிட்டதே, பரவாயில்லை என்று நினைத்தேன். பின்னால் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. மலம் குடலில் தங்கத் தங்க உடம்பு அதிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காலையில் களிமண்ணாக இருந்தது ராத்திரிக்குள் செங்கல்லாகிவிடும். தினமும் அடக்கினால் குடல் கூப்பிடுவதையே குறைத்துக்கொள்ளும்.

சாப்பாடு என்ன? கூட்டம் கட்டுக்குள் வராத அந்த நாட்களில் எதிர்க்கடை சமோசாவும் டீயும்தான் மதியச் சாப்பாடு. டிசம்பர் லக்னோ குளிர் வேறு. தண்ணீர் பாட்டிலைத் தொட்டாலே கை விறைக்கும். டீ மட்டும் ஆறு டம்ளர் ஆகும், தண்ணீர் ஒரு டம்ளர் ஆகாது. டிசம்பர் 30 வரை இப்படி ஓடியது. ஜனவரி இரண்டாவது வாரம் ஒரு காலையில் ரத்தம் பார்த்தேன். வலியே இல்லை. வெள்ளைப் பீங்கானில் பளிச்சென்று சிவப்பு.

யாரிடமும் சொல்லவில்லை. ஃபிளஷ் பண்ணிவிட்டு ஆபீஸ் போனேன்.

ஒன்பது மாதம் அப்படியே போனது. சில வாரம் இருக்காது, சரியாகிவிட்டது என்று நினைப்பேன், திரும்ப வரும். சூட்டு உடம்பு, மோர் குடித்தால் சரியாகும் என்று எனக்கு நானே வைத்தியம் பார்த்துக்கொண்டேன். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். ஊரிலிருந்து யாராவது வந்தால் கருணைக்கிழங்கு வாங்கிவரச் சொல்வேன். "எதுக்குடா திடீர்னு?" என்று அம்மா கேட்டால், சாப்பிட ஆசையா இருக்கு என்பேன்.

உள்ளுக்குள் இருந்த பயம் வேறு. மாயவரத்தில் எங்கள் பெரியப்பா ரத்தம் போவதை மூலம், மூலம் என்றே இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். துத்தி இலை, பத்தியம் எல்லாம் பார்த்தார். கடைசியில் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனபோது அது மலக்குடலில் புற்றுநோய் என்றார்கள். ஏழு மாதம் இருந்தார். என் தலைக்குள் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. பயம் இருந்தால் டாக்டரிடம் ஓட வேண்டும்தானே? நான் நேர்மாறாக, தெரியாமல் இருப்பதே நல்லது என்று இருந்துவிட்டேன். வாராக்கடனை வாராக்கடன் என்று எழுதத் தயங்கி மார்ச் மாதம் வரை தள்ளிப்போடும் மேனேஜர்களை நான் பார்த்திருக்கிறேன். அதே புத்தி.

2017 அக்டோபரில் இரண்டாவது மாடிக்கு ஏறினால் மூச்சு வாங்கியது. தீபாவளிக்கு முந்தைய வாரம் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரி பயந்துபோய் அடுத்த தெரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். இ.சி.ஜி. சரியாக இருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.8. ஆண்களுக்குக் குறைந்தது 13 இருக்க வேண்டுமாம். டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ரத்தம் எங்கேயோ போகிறதே, பவாசீர் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

முப்பத்தொன்பது வயசு, முதல் வகுப்பு பி.காம்., கோடிக்கணக்கான கடனுக்குக் கையெழுத்துப் போடுகிற ஆள். பக்கத்தில் பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிறாள் என்பதற்காக டாக்டரிடம் பொய் சொன்னேன்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது அவள் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கிய பிறகு கேட்டாள். "உங்க லுங்கிய யாரு துவைக்கிறாங்கன்னு நினைச்சீங்க?"

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"எனக்கும் இருந்துச்சு. சின்னவ வயித்துல இருந்தப்ப ஆரம்பிச்சு, பொறந்து நாலு மாசம். பிள்ளைக்குப் பால் குடுக்க உக்காந்தா உசிர் போகும். நீங்க கேக்கல, நானும் சொல்லல."

பத்து வருஷம் ஒரே வீட்டில், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தியிருக்கிறோம். கர்ப்பகாலத்தில் மூலம் வருவது வெகு சாதாரணம் என்பதே எனக்கு அன்றைக்கு வரை தெரியாது.

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டே போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவில்லை. அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தப் பெரியவர் பேசிய அரைமணி நேரம்தான் இந்தக் கட்டுரையின் பாதி.

அவர் சொன்னது: மூலம் என்பது வெளியிலிருந்து வந்து முளைக்கிற ஏதோ ஒன்று இல்லை. ஆசனவாய்க்குள் ரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற சதை எல்லாருக்கும் பிறவியிலேயே உண்டு. குழாயில் வாஷர் மாதிரி. காற்றும் நீரும் கசியாமல் அடைத்துக்கொள்வது அதன் வேலை. முக்கி முக்கி, நெடுநேரம் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த வாஷர் வீங்கிச் சரிந்து இறங்கினால் அதற்குப் பெயர் மூலம். உள்மூலம் இருக்கிற இடத்தில் வலி தெரிகிற நரம்பு கிடையாது. அதனால் ரத்தம் மட்டும் வரும், வலிக்காது. வலிக்காததால் என்னைப் போன்றவர்கள் சும்மா இருந்துவிடுவார்கள்.

பெரியப்பா கதையைச் சொன்னேன். கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார். "ரத்தம் என்றாலே மூலம் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு பண்ணுகிற வேலை உங்களுடையது இல்லை, என்னுடையது" என்று சொல்லி, கொலோனோஸ்கோபிக்கு எழுதினார். முதல்நாள் குடிக்கக் கொடுக்கிற பேதி மருந்தைப் பற்றித் தனியாக ஒரு புலம்பல் எழுதலாம், விடுங்கள். முடிவு வந்தது. இரண்டாம் நிலை உள்மூலம். வேறொன்றும் இல்லை. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்து அவள் மரத்தடியில் நின்று அழுதாள். நான் பக்கத்துக் கடையில் இரண்டு கரும்புச் சாறு சொன்னேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

அடிவயிற்றைக் கிழிக்கிற ஆபரேஷன் எல்லாம் இல்லை. சின்ன ரப்பர் வளையத்தை மூலத்தின் அடியில் மாட்டிவிடுகிறார்கள். ரத்த ஓட்டம் நின்று சில நாளில் அது தானே உதிர்ந்துவிடுகிறது. மயக்க மருந்துகூடக் கிடையாது. அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் கனமாக ஒரு வலி, அவ்வளவுதான். இதற்கா ஒன்பது மாதம்!

"வளையம் நான் போட்டுவிட்டேன், பழக்கத்தை மாற்றாவிட்டால் அடுத்த வளையத்துக்கு வருவீர்கள்" என்றார் பெரியவர். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வாரத்துக்கு எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுதிக் காட்டினோம். காலை இட்லி அல்லது பிரெட். மதியம் வெள்ளைச் சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு. மாலை சமோசா. இரவு சப்பாத்தி. ஞாயிற்றுக்கிழமை மைதா பூரி. அவர் படித்துவிட்டுக் கேட்டார். "உங்கள் ஊர்க் கீரை எங்கே? எங்கள் ஊர் மூலி எங்கே?"

அங்கேதான் எனக்கு உறைத்தது. வெளியூரில் குடித்தனம் நடத்துகிற நம்மவர்கள் பலர் செய்வது இதுதான். ஊரில் இருந்தவரை சோற்றோடு வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்கீரை, அவரை, கொத்தவரை எல்லாம் போகிறபோக்கில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. இங்கே வந்ததும் அவை கிடைக்கவில்லை. சோற்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டோம். இந்த ஊர்க்காரர்களிடமிருந்து சமோசாவையும் பூரியையும் ஜிலேபியையும் கற்றுக்கொண்டோம். அவர்கள் தட்டோரம் வைத்துக் கடிக்கிற மூலி, குளிர்காலத்தில் கட்டுக்கட்டாக வாங்குகிற பாலக், பதுவா, காலையில் குடிக்கிற சத்து, தலியாக் கஞ்சி, இதெல்லாம் "அவங்க சாப்பாடு" என்று ஒதுக்கிவிட்டோம். இரண்டு ஊரிலும் கழிக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு எடுக்க வேண்டியதைக் கழித்துவிட்டோம்.

இன்னொரு கொடுமை சல்லடை. எங்கள் வீட்டில் சக்கியில் அரைத்த கோதுமை மாவை வாங்கிவந்து, சப்பாத்தி மிருதுவாக வர வேண்டும் என்று சலித்துத் தவிட்டைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தோம். கீழ்வீட்டு மாமி அதைப் பார்த்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாராம். முழுக் கோதுமை மாவு 100 கிராமில் 11 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. மைதாவில் 3 கிராம்கூட இல்லை. தீட்டிய வெள்ளை அரிசியும் அதே 3 கிராமுக்குள்தான். ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும் என்கிறார்கள். கணக்குப் பிள்ளை வேலைதானே எனக்கு, உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். நாங்கள் சாப்பிட்டது அதில் பாதிகூடத் தேறவில்லை. சல்லடையை அன்றைக்கே பரணில் போட்டாயிற்று.

சோற்றை நிறுத்தவில்லை. அது என்னால் முடியாது, பொய் சொல்ல மாட்டேன். அளவைக் குறைத்து, அதே அளவுக்குக் காய் வைத்துக்கொள்கிறேன். தோலோடு பாசிப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல். நவம்பரிலிருந்து அலகாபாத் கொய்யா வரும். உள்ளே சிவப்பாக இருக்கிற ஜாதிக்கு லக்னோவில் அடிதடி. 100 கிராம் கொய்யாவில் 5 கிராமுக்குக் குறையாமல் நார் இருக்கிறது. சமோசா வேளைக்கு ஒரு கொய்யா. மூலத்துக்கு மூலி என்று சின்னவள் பாட்டே கட்டிவிட்டாள். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கூட்டிவிடாதீர்கள். நான் அப்படிச் செய்து, வயிறு ஊதி, மேனேஜர்கள் கூட்டத்தில் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

ரத்தசோகைக்குக் கொடுத்த இரும்பு மாத்திரையே மலத்தை இறுக்கும் என்பது இன்னொரு வேடிக்கை. மலம் கறுப்பாகவும் போகும், பயந்துவிடாதீர்கள். அதற்காகத்தான் இசப்கோல் எழுதிக் கொடுத்தார். குஜராத், ராஜஸ்தானில் விளைகிற ஒரு சின்னச் செடியின் விதைத் தோல் அது. தண்ணீரை உறிஞ்சி ஜவ்வாக வீங்கும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு குடிக்க வேண்டும், மேலே இன்னொரு டம்ளர் குடித்தால் நல்லது. தண்ணீர் இல்லாமல் வாயில் போட்டுக்கொண்டால் அதுவே போய் அடைத்துக்கொள்ளும்.

ஊரில் கருணைக்கிழங்கு என்றால் இங்கே சூரன், அதாவது சேனை. கிழக்கு உத்தரப் பிரதேசத்துக்காரர்கள் தீபாவளியன்று சூரன் சமைக்காமல் விடமாட்டார்கள். ஆயுர்வேதத்தில் சேனைக்கு அர்சோக்னம், மூலத்தை அழிப்பது, என்றே ஒரு பெயர் உண்டு. அதுவே மருந்து என்று நம்பி ஒன்பது மாதம் போக்கியவன் நான். நல்ல கிழங்கு, சாப்பிடுங்கள், ஆனால் ரத்தம் வந்தால் கிழங்கை நம்பி உட்காராதீர்கள்.

அடுத்தது உட்காருகிற விஷயம். ஊரில் குந்தி உட்கார்ந்து வேலை முடிந்ததும் கால் வலித்து எழுந்துவிடுவோம். குவார்ட்டர்ஸில் வெஸ்டர்ன் கமோட். நாற்காலி மாதிரி சுகம், கையில் செல்போன், வெளியே யாரும் கூப்பிட மாட்டார்கள். இருபது நிமிஷம் ஓடிவிடும். ஓட்டையுள்ள இருக்கையில் தாங்கல் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் அத்தனை நேரமும் அந்த வாஷர்களில் ரத்தம் இறங்கித் தேங்குகிறது. பாஸ்டன் நகரத்தில் கொலோனோஸ்கோபிக்கு வந்த 125 பேரை விசாரித்த ஆய்வு ஒன்று 2025-ல் வந்தது. கழிப்பறைக்குள் போன் கொண்டுபோகிறவர்களுக்கு மூலம் இருக்கிற வாய்ப்பு 46 சதவீதம் அதிகம் என்றார்கள். 125 பேர் என்பது சின்னக் கணக்குதான், போன்தான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் போனை வெளியே வைத்துவிட்டுப் போவது அதற்கு முன்பே சட்டம். ஐந்து நிமிஷத்தில் வரவில்லையா, எழுந்து வந்துவிடு, அப்புறம் கூப்பிடும்போது போ. காலுக்கடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருக்கிறோம். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்தால் குந்தி உட்கார்ந்த மாதிரி ஆகி, முக்காமலே வேலை நடக்கிறது.

காலை எழுந்ததும் வெந்நீர், காப்பி. அதன் பிறகு அரைமணி நேரம் எனக்கு எந்த வேலையும் கிடையாது. பால் வாங்குவது, பிள்ளைகளை எழுப்புவது, ஜோனல் ஆபீஸ் போன், எதுவும் இல்லை. வயிற்றில் ஏதாவது இறங்கினால் பெருங்குடல் அசையத் தொடங்கும், காலையில் அது அதிகம். அந்த அரைமணியை நான் யாருக்கும் கடன் கொடுப்பதில்லை. ஆபீஸில் மணிக்கு ஒரு தடவை எழுந்து ஒரு சுற்று நடக்கிறேன். சாயங்காலம் நாற்பது நிமிஷம் வெளியே நடை.

எங்கள் கிளை உதவியாளர் ஒருவர் சுவர் விளம்பரத்தைப் பார்த்துப் போய், ஒரே ஊசியில் குணமாகும் என்று போட்டுக்கொண்டு, சீழ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் படுத்தார். அவரும் யாரிடமும் சொல்லாமல் போனவர்தான்.

2019-ல் மேனேஜராக வேறு ஊருக்குப் போனேன். சேர்ந்த முதல் நாள் கிளையின் கழிப்பறையைப் போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் இல்லை, பல்பு இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. இரண்டு பெண் கிளார்க்குகள் இருந்தார்கள். காலை பத்து முதல் சாயங்காலம் ஐந்து வரை அவர்கள் மேஜையில் தண்ணீர் பாட்டிலே இருக்காது. கேட்டால், "தாகமே எடுக்காது சார்" என்றார்கள். ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாயில் எல்லாம் சரியாயிற்று. அடுத்த மாதம் இரண்டு மேஜையிலும் பாட்டில் வந்தது.

இப்போது நாக்பூர். எட்டு வருஷத்தில் இரண்டே தடவை, அதுவும் கல்யாண வீட்டுச் சாப்பாடும் ரயில் பயணமும் சேர்ந்தபோது, லேசாக ரத்தம் பார்த்தேன். இரண்டு தடவையும் அன்றைக்கே வீட்டில் சொன்னேன், அந்த வாரமே டாக்டரிடமும் போனேன்.

போன மாதம் தேனிப் பக்கத்துப் பையன் ஒருவன், எங்கள் கிளைக்குப் பயிற்சி அதிகாரியாக வந்திருக்கிறான். தனியாக அறை எடுத்து, மூன்று வேளையும் கடையில் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டோம். நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தான். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது மெல்லக் கேட்டேன். "தம்பி, காலைல நல்லா போறியா?" அவன் முகம் சிவந்து, "அதெல்லாம் நல்லாதான் சார் போகுது" என்று எழுந்துவிட்டான். வீட்டுக்காரி என்னை முறைத்தாள்.

புதன்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது. "சார், தூங்கிட்டீங்களா? அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்கல்ல..."